டேக்-ஆஃபில் கேபினுக்குக் காற்று எங்கிருந்து? மூன்று வழிகள், ஒரு தேர்வு

ஓடுபாதையின் நீளம், வெளி வெப்பம், விமானத்தின் எடை எல்லாவற்றையும் போட்டு டேக்-ஆஃப் கணக்குப் பார்க்கும்போது, கூடவே இன்னொரு கேள்விக்கும் விடை கொடுத்தாக வேண்டும். கேபினுக்குப் போகும் காற்றை எங்கிருந்து எடுப்பது? வழக்கம்போல இஞ்சினிலிருந்தா? வாலில் இருக்கும் துணை டர்பைனான ஏபியூவிலிருந்தா? அல்லது முதல் சில நிமிடங்களுக்குக் காற்றே வேண்டாம் என்று மூடிவிடுவதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இஞ்சின் பிளீடோடு, அதாவது இஞ்சினிலிருந்தே காற்றை எடுத்தபடி, கணக்குத் தேறினால் அதைவிட்டு நகர வேண்டாம். தேறாவிட்டால் ஏபியூ. ஏபியூவும் கைகொடுக்காத நாளில் மட்டும் மூடிவிட்டுக் கிளம்பலாம். மூன்று வழியுமே கையேட்டில் உள்ளவை, மூன்றிலும் அன்றாடம் விமானங்கள் கிளம்புகின்றன. ஆனாலும் இந்த வரிசையை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. கேபின் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளும் தானியங்கி அமைப்பு மிக நம்பகமானது. அதற்குக் காற்று வந்துகொண்டிருக்கும் வரைதான் அந்த நம்பகம். காற்றை நிறுத்தும் சுவிட்சுகள் மனிதக் கையில் இருக்கின்றன. அவற்றைத் திரும்பப் போட வேண்டியதும் அதே கைதான்.

இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது போயிங் 737 என்ஜி, ஏர்பஸ் ஏ320 இரண்டையும். படிகளில் நிறுவனத்துக்கு நிறுவனம் சிறு மாறுதல் இருக்கும். உங்கள் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை.

மதகும் வாய்க்காலும்

கேபின் அழுத்தத்தைக் காற்றை அடைத்து வைத்துப் பிடிப்பதில்லை. வாய்க்காலில் நீர் ஒரே சீராக வந்துகொண்டிருக்க, மதகை ஏற்றி இறக்கி ஏரியின் மட்டத்தைப் பிடிப்பது போன்ற வேலை அது. வாய்க்கால் என்பது பேக் எனப்படும் இரண்டு குளிர்விப்பு இயந்திரங்கள். மதகு என்பது பின்பக்கத்தில் இருக்கும் அவுட்ஃப்ளோ வால்வு. தானியங்கி கன்ட்ரோலர் தொடுவது மதகை மட்டுமே. வாய்க்காலில் எவ்வளவு வருகிறது என்பதை அதனால் மாற்ற முடியாது.

இஞ்சின் கம்ப்ரசரிலிருந்து எடுக்கும் காற்றுக்குப் பிளீட் என்று பெயர். 737 என்ஜியில் அது கம்ப்ரசரின் 5ஆவது கட்டத்திலிருந்து வருகிறது. இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அந்த அழுத்தம் போதாது என்பதால் 9ஆவது கட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஏ320இல் இந்தக் காற்றைச் சுமார் 44 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 44 பவுண்டு) அழுத்தம், 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கட்டுப்படுத்தி அனுப்புகிறார்கள். பேக்குக்குள் அது ஒரு வெப்பப் பரிமாற்றி வழியாகப் போய், சிறு கம்ப்ரசரில் மீண்டும் அழுத்தப்பட்டு, இரண்டாவது வெப்பப் பரிமாற்றியில் வெப்பத்தைக் கொட்டி, கடைசியில் டர்பைனில் விரிந்து குளிர்கிறது. இடையிலேயே ஈரத்தைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். வெளிவரும் குளிர்காற்றோடு, கேபினில் சுற்றி வடிகட்டியைக் கடந்துவந்த பழைய காற்றும் கலந்து பயணிகளுக்குப் போகிறது.

அழுத்த கன்ட்ரோலர்கள் இரண்டு. ஒன்று வேலை செய்ய, இன்னொன்று தயாராக நிற்கும். ஏ320இல் ஒவ்வொரு தரையிறக்கத்துக்கும் 70 விநாடி கழித்து இரண்டும் முறை மாற்றிக்கொள்கின்றன. வால்வை நகர்த்த மூன்று மோட்டார்கள்: தானியங்கிக்கு இரண்டு, கையால் இயக்க ஒன்று. தரையில் வால்வு முழுக்கத் திறந்திருக்கும். டேக்-ஆஃப் பவர் கொடுத்ததும் வால்வு மூடத் தொடங்கி, கேபினை நிமிடத்துக்கு 400 அடி வேகத்தில் இறக்கி (உள்ளே உள்ள அழுத்தம் எந்த உயரத்து வெளிக்காற்றுக்குச் சமமோ அதுவே கேபின் உயரம்; அழுத்தம் ஏறினால் அது இறங்கும்), வெளியைவிட 0.1 பிஎஸ்ஐ கூடுதலாக வைத்துக்கொள்ளும். விமானம் மூக்கைத் தூக்கும் கணத்தில் வால்வைச் சுற்றி வெளி அழுத்தம் சட்டென்று மாறும். அந்த அதிர்வு காதில் தட்டாமலிருக்கத்தான் இந்த முன்னழுத்த ஏற்பாடு. ஏறும்போது விமானத்தின் ஏறு வேகத்தை ஒட்டிக் கேபின் உயரம் மெல்ல உயரும். கிளம்பிய விமானம் தொடர்ந்து ஏறாமல் திரும்பிவிட்டால், கேபினைப் புறப்பட்ட உயரத்துக்கே கொண்டுவரும் நிலையும் அதற்குள் இருக்கிறது. தரையிறங்கி 55 விநாடி கழித்து வால்வு மறுபடி முழுக்கத் திறக்கும். இதில் எதற்கும் யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. ஏ320 இறங்கும் இடத்தின் உயரத்தைக்கூடத் தன் ஃப்ளைட் மேனேஜ்மென்ட் கணினியிடமிருந்தே வாங்கிக்கொள்கிறது; 737இல் பறக்கும் உயரத்தையும் இறங்கும் உயரத்தையும் விமானிகள் பேனலில் திருப்பி வைக்கிறார்கள்.

இவ்வளவு கெட்டிக்கார அமைப்பும் வாய்க்கால் வற்றினால் ஒன்றும் செய்ய இயலாது. மதகை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும், அவ்வளவுதான்.

பிளீட் எதற்காகத் தடையாகிறது

கம்ப்ரசர் உழைத்து அழுத்திய காற்றில் ஒரு பங்கை வெளியே எடுத்துவிட்டால், அதே உந்துவிசைக்கு இஞ்சின் இன்னும் கொஞ்சம் சூடாக ஓட வேண்டியிருக்கும். வெப்பம் ஏற்கெனவே வரம்பைத் தொட்டுவிட்டது என்றால் உந்துவிசைதான் குறையும். பேக்குகளை இஞ்சினிலிருந்து பிரித்துவிட்டால் 737இன் என்1 (இஞ்சின் முன்விசிறியின் சுழல் வேகம்) வரம்பு ஒரு சதவீதத்தை ஒட்டி உயரும். எண் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு இஞ்சின் செயலிழந்த நிலையில் எதிரே இருக்கும் மலையைத் தாண்டும் ஏறுகோணத்தை அந்த ஒரு சதவீதம் தீர்மானித்துவிடும். வெயில் கொளுத்தும் நாள், உயரமான விமான நிலையம், குட்டை ஓடுபாதை, முழுப் பாரம் ஆகியவை சேரும்போதுதான் இந்தத் தேர்வு மேசைக்கு வருகிறது.

முழு உந்துவிசை தேவைப்படாத நாளிலும் சிலர் பேக்கை நிறுத்திக் கிளம்புவதுண்டு. இஞ்சினைக் குறைந்த வெப்பத்தில் ஓட்டினால் தேய்மானம் குறையும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு உண்மைதான். அதற்குக் கொடுக்கும் விலை சரிதானா என்பதைக் கீழே பார்ப்போம்.

முதல் வழி: இஞ்சின் பிளீட்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதுவே இதன் சிறப்பு. இரண்டு இஞ்சின் பிளீடும் ஆன், பேக்குகள் ஆட்டோவில், 737இல் இடது, வலது குழாய்களைப் பிரிக்கும் ஐசோலேஷன் வால்வு ஆட்டோவில். டேக்-ஆஃப் முதல் தரையிறக்கம் வரை காற்றுக்காக எந்த சுவிட்சையும் தொட வேண்டியதில்லை. முன்னழுத்தம் ஒழுங்காக ஏறும். இறக்கைக்கு ஐஸ் தடுப்பு வேண்டுமென்றாலும் உடனே கிடைக்கும். ஒரு இஞ்சின் போனாலும் மற்றதன் காற்றில் அந்தப் பக்கத்துப் பேக் ஓடிக்கொண்டிருக்கும்.

737இல் உள்ள ஓர் ஏற்பாட்டை இங்கே கவனிக்க வேண்டும். இரண்டு பேக்கில் ஒன்று நின்றால், ஆட்டோவில் இருக்கும் மற்றது அதிக ஓட்டத்துக்குத் தானே மாறி இரண்டின் வேலையையும் இழுத்துப்பார்க்கும். ஆனால் விமானம் தரையில் இருக்கும்போதோ, ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) இறங்கியிருக்கும்போதோ அப்படி மாறாது. டேக்-ஆஃப் நடுவே ஒரு இஞ்சின் போனால், மிச்சமிருக்கும் இஞ்சினின் சக்தியைக் கேபின் காற்று தின்றுவிடக் கூடாது என்று வடிவமைத்தவர்கள் அப்போதே யோசித்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வழி: ஏபியூ

இஞ்சின் முழுக்க உந்துவிசைக்கு, கேபின் காற்று ஏபியூவின் பொறுப்பு. பயணிக்குக் காற்று நிற்காது, முன்னழுத்தமும் ஏறும், இஞ்சினுக்கும் முழு லாபம். செலவு என்று பார்த்தால் ஏபியூ மணிக்கு 100 முதல் 130 கிலோ எரிபொருள் குடிக்கும். இஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைத்திருக்க வேண்டியதை இன்னும் பத்து நிமிடம் ஓட்டினால் சுமார் 20 கிலோ. இரண்டு டன்னுக்கு மேல் எரிக்கப்போகும் பயணத்தில் இது பெரிய தொகை அல்ல.

இந்த வழியில் இரு விமானங்களும் நடந்துகொள்ளும் விதம் நேரெதிர்.

ஏ320இல் ஏபியூ பிளீடை ஆன் செய்தால் போதும். ஏபியூ வால்வு திறந்ததும் இஞ்சின் பிளீட் வால்வுகள் தாமாக மூடிக்கொள்ளும், நடுவிலுள்ள கிராஸ்பிளீட் வால்வு தானே திறந்து இரண்டு பேக்குக்கும் காற்றை அனுப்பும். பேக் ஓட்டத்தையும் அது தானே அதிக நிலைக்குக் கொண்டுபோகும். கிளம்பி, உந்துவிசையைக் குறைத்த பிறகு ஏபியூ பிளீடை ஆஃப் செய்தால் இஞ்சின் வால்வுகள் திறந்துவிடும். போவதற்கு ஒரு பொத்தான், வருவதற்கு அதே பொத்தான். ஒருவேளை அதை ஆஃப் செய்ய மறந்தாலும் கேபினுக்குக் காற்று வந்துகொண்டுதான் இருக்கும். மறதிக்கு இடம் கொடுக்கும் வடிவமைப்பு இது.

737இல் அதே காரியத்துக்குச் சுவிட்சுகள் அதிகம். வலது பேக் ஆட்டோ, ஐசோலேஷன் வால்வு குளோஸ், இடது பேக் ஆட்டோ, முதல் இஞ்சின் பிளீட் ஆஃப், ஏபியூ பிளீட் ஆன், இரண்டாவது இஞ்சின் பிளீட் ஆஃப். இறக்கை ஐஸ் தடுப்பு ஆஃபிலேயே இருக்க வேண்டும். இஞ்சின் பிளீட் திரும்ப வரும்வரை அதைத் தொடக் கூடாது.

இந்த வரிசையை மனப்பாடம் செய்வதைவிடக் குழாய் போகும் வழியைப் புரிந்துகொள்வது நல்லது. ஏபியூவின் காற்று இடப்பக்கக் குழாயில்தான் வந்து சேர்கிறது. நடுவிலுள்ள ஐசோலேஷன் வால்வை மூடிவிட்டதால், டேக்-ஆஃபில் உண்மையில் ஓடுவது இடது பேக் மட்டும். வலது பேக் சுவிட்ச் ஆட்டோவில் இருந்தாலும் அதற்குக் காற்று கிடையாது, காத்திருக்கிறது. கிளம்பியபின் திரும்பப் போடும்போது இரண்டாவது இஞ்சினில் தொடங்கச் சொல்வது ஏன் என்று இப்போது விளங்கும். அது வலப்பக்கத்துக் குழாய். ஏபியூவோடு அதற்குத் தொடர்பில்லை. அதை ஆன் செய்தால் வலது பேக் உயிர்பெறும், இடதில் ஏபியூ தன் பாட்டுக்கு ஓடும், ஒன்றின் காற்று மற்றொன்றின் மேல் முட்டாது. கேபின் ஏறு வேகம் நிலைக்கு வந்ததும் ஏபியூ பிளீட் ஆஃப், அதன் பிறகே முதல் இஞ்சின் பிளீட் ஆன், கடைசியில் ஐசோலேஷன் வால்வு ஆட்டோ. ஏபியூவை மூடாமல் முதல் இஞ்சினை ஆன் செய்தால் இரண்டும் ஒரே குழாயில் மோதும். டூயல் பிளீட் விளக்கு எரியும். இஞ்சினின் அழுத்தம் ஏபியூவுக்குள் பின்னோக்கித் தள்ளிச் சேதப்படுத்தக் கூடும் என்பதற்கான எச்சரிக்கை அது. அந்த விளக்கு எரியும்போது இஞ்சினை ஐடிலுக்கு (மிகக் குறைந்த சுழற்சிக்கு) மேல் கொண்டுபோகக் கூடாது என்ற விதியும் அதனால்தான்.

ஏபியூ வழியில் இடறும் இடங்கள் மூன்று. ஒன்று, உயரம்: 737 என்ஜியில் ஏபியூ பிளீட் 17,000 அடி வரைதான். டேக்-ஆஃபுக்கு அது தாராளம், ஆனால் மறந்துபோய் மேலே கொண்டுபோகக் கூடாது. இரண்டு, ஐஸ். ஏ320இல் ஏபியூ காற்றை இறக்கை ஐஸ் தடுப்புக்கு எடுக்க அனுமதி இல்லை. 737இலும் மேலே சொன்னபடி முடியாது. இஞ்சின் முகப்பின் ஐஸ் தடுப்புக்குத் தனி வழியில் காற்று போவதால் அதற்குப் பாதிப்பில்லை. மூன்று, மணம். விமானத்தின் மேல் ஐஸ் நீக்கும் திரவம் தெளித்த உடனே ஏபியூ பிளீடைத் திறந்தால், பின்னால் வழிந்த திரவம் ஏபியூவின் காற்று வாய்க்குள் போய்ப் புகைபோலக் கேபினில் பரவும். பயணிகள் தீ என்று பதறும் அளவுக்கு அது அடர்ந்து வருவதுண்டு. தெளித்து முடித்து, கையேடு சொல்லும் நேரம் கழியும்வரை ஏபியூ பிளீட் மூடியே இருக்க வேண்டும்.

இந்த இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் ஒரே நாளில் வரும், அந்த நாள் குளிர்ந்த நாளாக இருக்கும். குளிர்காற்றில் இஞ்சினுக்கு உந்துவிசை தாராளம். ஆகவே ஏபியூவுக்குப் போக வேண்டிய அவசியமே பெரும்பாலும் எழாது. பனிக்கூழ் படிந்த குட்டை ஓடுபாதைதான் விதிவிலக்கு. அங்கே இறக்கை ஐஸ் தடுப்பு தேவையென்றால் பாரத்தைக் குறைப்பதே நேர்மையான விடை.

மூன்றாவது வழி: மூடிவிட்டுக் கிளம்புவது

ஏபியூ பழுதாகியிருக்கிறது, உந்துவிசையோ தேவை. அப்போது காற்றை நிறுத்திவிட்டுக் கிளம்பி, மேலே போய்த் திறப்பது. இதிலும் இரு விமானங்களுக்குள் வேறுபாடு உண்டு. ஏ320இல் மூடுவது பேக்கை; இஞ்சின் பிளீட் குழாயில் காற்று இருக்கும், இறக்கை ஐஸ் தடுப்பும் கிடைக்கும். 737இல் மூடுவது இஞ்சின் பிளீடையே.

சில நிமிடம் புதுக்காற்று இல்லாவிட்டால் மூச்சுக்குப் பிரச்சினை வருமா என்ற கவலைக்குக் கணக்கே பதில் சொல்லும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 0.3 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். 180 பேருக்கு 54 லிட்டர். ஏ320இன் கேபின் கொள்ளளவு சுமார் 140 கன மீட்டர். நிமிடத்துக்கு 400 பிபிஎம்முக்கும் குறைவாகவே ஏறும்; மூன்று நிமிடத்தில் 1,200ஐத் தொடாது. விதி அனுமதிக்கும் உச்சம் அரை சதவீதம், அதாவது 5,000 பிபிஎம். ஆக, அந்த விஷயத்தில் ஆபத்தில்லை. வெப்பம்தான் முதலில் தெரியும்: ஆளுக்கு 100 வாட் என்றால் 180 பேர் 18 கிலோவாட் ஹீட்டர். வெயிலில் நின்ற விமானத்தில் வியர்த்துப்போகும்.

உண்மையான சிக்கல் திரும்பத் திறக்கும்போது. இதையும் எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். அமெரிக்க வடிவமைப்பு விதிப்படி ஒருவருக்கு நிமிடத்துக்கு 0.55 பவுண்டு புதுக்காற்று தேவை. அதாவது கால் கிலோ. 180 பேருக்கு நிமிடத்துக்கு 45 கிலோ. ஏ320இல் அழுத்தம் ஏறும் மொத்தக் கொள்ளளவு, சரக்கு அறையும் சேர்த்து, சுமார் 330 கன மீட்டர். தரைமட்டத்தில் அதில் அடங்கும் காற்று ஏறக்குறைய 390 கிலோ. அவுட்ஃப்ளோ வால்வு இறுக மூடிய நிலையில் இரண்டு பேக்கையும் ஒரே தட்டில் திறந்தால், உள்ளே அழுத்தம் நிமிடத்துக்குப் பதினொன்றரை சதவீதம், அதாவது 1.7 பிஎஸ்ஐ உயரப் பார்க்கும். தரைமட்டத்தை ஒட்டி ஆயிரம் அடிக்கு 0.53 பிஎஸ்ஐ என்ற கணக்கில், கேபின் நிமிடத்துக்கு 3,200 அடி வேகத்தில் கீழே விழுவதற்குச் சமம். காது சௌகரியமாகத் தாங்குவது 300 முதல் 350 அடி. கிட்டத்தட்ட பத்து மடங்கு.

கன்ட்ரோலர் உடனே வால்வைத் திறந்து பிடிக்கப் பார்க்கும் என்பதால் முழு 3,200 வராது. ஆனாலும் வால்வு ஓடிவந்து சேரும்வரை அந்தக் குத்து காதில் விழும். சளி பிடித்த குழந்தை அலறும். ஒரு பேக்கை மட்டும் திறந்து, கேபின் வேகம் அடங்கும்வரை காத்திருந்து, அடுத்ததைத் திறக்கச் சொல்வது இதனால்தான். ஏ320இல் உந்துவிசையை ஏறு நிலைக்குக் குறைத்த பிறகு முதல் பேக், ஃப்ளாப் உள்ளே போன பிறகு இரண்டாவது. அதற்கு முன்னால் திறந்தால் டேக்-ஆஃப் பவரில் ஏற்கெனவே சூடேறியிருக்கும் இஞ்சினின் ஈஜிடி (வெளியேறும் வாயுவின் வெப்பம்) இன்னும் ஏறும். 737இல் தரையிலிருந்து 400 அடிக்குக் குறையாமலும் 2,000 அடியைத் தாண்டாமலும் இரண்டாவது இஞ்சின் பிளீட் ஆன்; கேபின் வேகம் நிலைத்ததும் முதல் இஞ்சின் ஆன்; பிறகு ஐசோலேஷன் வால்வு ஆட்டோ. நடுவில் இஞ்சின் ஒன்று செயலிழந்தால் 1,500 அடி அல்லது தடை தாண்டும் உயரம் வரும்வரை பிளீடைத் தொடவே கூடாது.

அந்த 400 அடிக்கும் 2,000 அடிக்கும் இடைப்பட்ட நேரம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 2,500 அடி ஏறும் விமானம் அதை 40 விநாடிக்குள் கடந்துவிடும். அதே 40 விநாடியில் முதல் திருப்பம், ரேடியோ அலைவரிசை மாற்றம், உந்துவிசைக் குறைப்பு. கை நிறைய வேலை இருக்கும் வேளையில், தலைக்கு மேலுள்ள பேனலில் ஒரு சுவிட்சை நினைவில் வைத்துத் திரும்பப் போட வேண்டும். மறந்தால் உடனே ஒன்றும் தெரியாது. வால்வு மூடியிருப்பதால் கேபின் காற்று கசிவு வழியாக மெல்லத்தான் மெலியும். காதில் லேசான இழுப்பு, கொஞ்சம் புழுக்கம். 737இல் கேபின் உயரம் 10,000 அடியைத் தொடும்போது ஹார்ன் ஒலிக்கும், ஏ320இல் 9,550இல் எச்சரிக்கை வரும். அதற்குள் விமானம் எங்கோ உயரத்தில் இருக்கும்.

ஹார்ன் ஒலித்தால் புரிந்துவிடும் என்று நம்பிவிடவும் முடியாது. 2005 ஆகஸ்ட் 14 அன்று ஹீலியோஸ் நிறுவனத்தின் 737-300 ஏதென்ஸுக்கு வடக்கே கிரமாட்டிகோ அருகே விழுந்து 121 பேரும் இறந்தார்கள். அங்கே வற்றியது வாய்க்கால் அல்ல. மதகு திறந்தே கிடந்தது. முந்தைய பராமரிப்புச் சோதனைக்காக மேனுவலில் வைத்த அழுத்த சுவிட்ச் ஆட்டோவுக்குத் திருப்பப்படவில்லை, அவுட்ஃப்ளோ வால்வு பகுதி திறந்த நிலையிலேயே விமானம் ஏறியது. ஹார்ன் ஒலித்தது. ஆனால் தரையில் டேக்-ஆஃப் அமைப்பு தவறாக இருந்தால் ஒலிக்கும் ஹார்னும் அதே ஓசை. விமானிகள் அதை அதுவாகவே எடுத்துக்கொண்டார்கள். பிறகுதான் 737இல் இரண்டையும் பிரித்துக் காட்டத் தனி எச்சரிக்கை விளக்குகள் கட்டாயமாயின. காரணம் வேறாக இருந்தாலும், மூன்றாவது வழியைத் தேர்பவர் ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டிய விபத்து அது. திரும்பப் போட வேண்டிய ஒரு சுவிட்ச், திரும்பப் போடப்படவில்லை.

தேர்வையே நீக்கிய விமானங்கள்

எம்ப்ரேயரின் இ-ஜெட்களில் டேக்-ஆஃப் தகவல் பக்கத்திலேயே ஏர் கண்டிஷனிங் ஆஃப் என்று வைத்துவிட்டால், ஓடும்போது பேக்கை மூடுவதும் கிளம்பியபின் திறப்பதும் விமானத்தின் வேலை. மூன்றாவது வழியின் லாபம் கிடைக்கிறது, மறதிக்கான இடம் அடைபடுகிறது.

போயிங் 787 இன்னும் வேரிலிருந்தே மாற்றியது. கேபின் காற்றுக்கு இஞ்சின் பிளீடே கிடையாது. வெளிக்காற்றைத் தனி வாயில் வழியாக எடுத்து, மின்சாரத்தில் ஓடும் நான்கு கம்ப்ரசர்கள் அழுத்துகின்றன. இறக்கை ஐஸ் தடுப்பும் மின்சார வெப்பம்தான். இஞ்சின் முகப்பின் ஐஸ் தடுப்புக்கு மட்டும் பிளீட் மிச்சம். இத்தனை மின்சாரத்துக்காக இரண்டு இஞ்சினிலும் சேர்த்து 250 கேவிஏ ஜெனரேட்டர்கள் நான்கு, ஏபியூவில் 225 கேவிஏ இரண்டு. இஞ்சினின் சக்தி போகத்தான் செய்கிறது, ஆனால் தண்டின் வழியே, தேவைக்கேற்ற அளவில் போகிறது. மிகையாக அழுத்திவிட்டுப் பிறகு குறைக்கும் வீணடிப்பு இல்லை. கம்போசிட் உடல் அதிக அழுத்த வேறுபாட்டைத் தாங்குவதால் கேபின் உயரம் 6,000 அடிக்குள் நிற்கிறது. விதி அனுமதிப்பது 8,000.

எந்த நாளில் எது

முதலில் இஞ்சின் பிளீட் ஆன் என்றே கணக்குப் போடுங்கள். எடை தேறினால், உந்துவிசையைக் குறைத்துக் கிளம்ப இடமும் இருந்தால், அத்தோடு முடிந்தது.

எடை தேறவில்லை, ஏபியூ நன்றாக ஓடுகிறது, இறக்கை ஐஸ் தடுப்பு தேவைப்படாது என்றால் ஏபியூ. ஏ320இல் இதைத் தயக்கமின்றித் தேர்ந்தெடுக்கலாம். 737இல் திரும்பப் போடும் வரிசையை டேக்-ஆஃப் பிரீஃபிங்கிலேயே வாய்விட்டுச் சொல்லி, யார் போடுவது, எப்போது போடுவது என்று பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

எடை தேறவில்லை, ஏபியூவும் இல்லை என்றால் மூடிவிட்டுக் கிளம்புவதா, பாரத்தைக் குறைப்பதா என்று இரண்டில் ஒன்று. தரைமட்ட விமான நிலையத்தில் மூடிவிட்டுக் கிளம்புவது சரியான தேர்வே. உயரமான நிலையத்தில் கூடுதல் யோசனை தேவை. 7,500 அடியிலுள்ள ஓடுபாதையில் கேபினும் 7,500இல்தான் தொடங்குகிறது. 10,000 அடி ஹார்னுக்கு இடையே 2,500 அடி மட்டுமே. காற்று மெலிந்த இடத்தில்தான் இந்த வழி அதிகம் தேவைப்படும். தவறுக்கான இடைவெளி குறுகுவதும் அங்கேதான்.

இஞ்சின் தேய்மானத்தை மிச்சப்படுத்த மட்டும் மூன்றாவது வழிக்குப் போவதை ஏற்க முடியவில்லை. அந்த லாபத்தை 20 கிலோ எரிபொருளில் ஏபியூ தந்துவிடும். பயணிக்குக் காது வலிக்காது, விமானிக்கும் கேபினில் காற்று வருகிறதா என்ற கேள்வி எழாது.

எந்த வழியில் கிளம்பினாலும் பார்வை இரண்டு முறை அழுத்தப் பேனலுக்குப் போக வேண்டும். சுவிட்சுகளைத் திரும்பப் போட்டவுடன் ஒரு முறை: கேபின் ஏறு வேகம் அடங்கியிருக்க வேண்டும், விமானத்தின் ஏறு வேகத்தோடு ஒத்து ஓடக் கூடாது. விமானம் 10,000 அடியைக் கடக்கும்போது மறுமுறை: கடல்மட்டத்தை ஒட்டிய இடத்திலிருந்து கிளம்பியிருந்தால் உள்ளுக்கும் வெளிக்கும் வேறுபாடு 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்ட வேண்டும். முள் 1 பிஎஸ்ஐயில் கிடந்தால் ஏறுவதை அங்கேயே நிறுத்திவிட்டுப் பிளீட், பேக், ஆட்டோ-மேனுவல் மோட் சுவிட்ச் மூன்றையும் பார்க்க வேண்டும். இதையும் தாண்டி ஹார்ன் ஒலித்துவிட்டால் முதலில் ஆக்சிஜன் மாஸ்க், அதன் பிறகே மேல் பேனல். கேபின் காற்று 25,000 அடிக்கு மெலிந்துவிட்டால் தெளிவாக யோசிக்க மூன்று முதல் ஐந்து நிமிடம் கிடைக்கும். 35,000 அடியில் அது ஒரு நிமிடத்துக்கும் குறைவு.